தேக்கடியில் இரண்டு தரம் கேட்டார்

தேனியிலிருந்து தேக்கடி அப்படியொன்றும் தூரமில்லை. இப்போது பஸ் ஏறினால் காலைப் பலகாரம் செரிப்பதற்குள் குமுளியில் இறக்கிவிடுகிறான். நாங்கள் போனபோது இரண்டு நாள் ஆயிற்று. கூடலூர் தாண்டி மலை ஏறினால் வெள்ளைக்காரன் ராஜ்யம் முடிந்து திருவிதாங்கூர் மகாராஜா ராஜ்யம். காசு வேறு, பாஷை வேறு, அரிசி வேறு. உத்தமபாளையத்தில் பிறந்து தேனியில் வாழ்க்கைப்பட்டவள் நான். மதுரையையே இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். எனக்கு அது சீமைப் பயணந்தான்.

யுத்தம் வருவதற்கு முந்தின வருஷம், தை மாதம். எனக்கு இருபத்தாறு வயது. கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளையில்லை. என் வீட்டுக்காரருக்குத் தேனியில் மோட்டார் ரிப்பேர்ப் பட்டறை. சுப்பையா மேஸ்திரி என்றால் போடி வரைக்கும் தெரியும். பேரை எழுதிவிட்டேன். இனிமேல் யார் கோபித்துக்கொள்ளப் போகிறார்கள்?

போடியில் அவருக்கு வேறு பெண் பார்த்திருக்கிறார்கள் என்ற சேதி வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்குச் சொன்னது வெற்றிலை விற்க வருகிறவள். "ஏ ஆத்தா, போடிப் புள்ள நல்ல செகப்பாம்ல?" என்று கூடையை இறக்கிக்கொண்டே கேட்டாள். நான் தெரிந்த மாதிரியே தலையை ஆட்டிவிட்டு, அரை கவுளி கூட வாங்கிக்கொண்டு உள்ளே வந்து அடுப்பைப் பார்த்து உட்கார்ந்தேன்.

இரண்டாம் தாரம் கட்டுவது அந்தக் காலத்தில் பெரிய பாவமொன்றும் இல்லை. ஆனால் எங்கள் சனத்தில் ஒரு முறை உண்டு. மூத்தவள் வாய்திறந்து சரி என்று சொல்ல வேண்டும். பெண் வீட்டாருக்கு வெற்றிலைத் தட்டை அவள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். மூத்தவள் கண்ணீர் விட்ட வீட்டில் இளையவள் விளங்கமாட்டாள் என்று பெண்ணைப் பெற்றவர்கள் பயப்படுவார்கள். ஆகவே என்னிடம் கேட்டாக வேண்டும். யார் கேட்பது, எப்போது கேட்பது என்பதுதான் பாக்கி.

எங்கள் வீட்டில் பதினோரு பேர். அந்த வீட்டில் புருஷனும் பெண்சாதியும் பகலில் நின்று பேசுவது வழக்கமில்லை. தண்ணீர் கொண்டா, சாவி எங்கே, இவ்வளவுதான். ராத்திரி பேசினால் மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் அவரைப் பெற்ற அத்தை இருமுவாள். ஒன்பது வருஷம் அப்படியே போயிற்று.

அப்போதுதான் தேக்கடி ஏரியில் படகு விட்டிருந்த துரை ஒருவர் இன்ஜின் நின்றுபோயிற்று, வந்து பார் என்று ஆளனுப்பினார். என் வீட்டுக்காரர் முற்றத்தில் எல்லோர் முன்னாலும் என்னைக் காட்டிச் சொன்னார்: "நாகுவையும் கூட்டிட்டுப் போறேன். சுருளியில ஒரு முழுக்குப் போட்டுட்டு, அங்கன காட்டுல கூடாரம் அடிச்சு நாலு நாள் இருந்துட்டு வாரோம்." ஊருக்குத் திரும்பிப்போன ஒரு தோட்டத்துத் துரை பழைய மோட்டாரை இவரிடம் விற்றபோது கித்தான் கூடாரம் ஒன்றையும் அதோடு தள்ளிவிட்டுப் போயிருந்தார்.

அத்தை வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாள் என்று பார்த்தேன். அவளோ, "போயிட்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டுத் தன் கையாலேயே புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். மேலே வறுத்த நிலக்கடலை வேறு. எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. கேட்பதற்குத்தான் கூட்டிக்கொண்டு போகிறார்.

முதல் நாள் வீரபாண்டிக் கோயிலைத் தாண்டும்போது அந்தப் பழைய மோட்டாரில் இருந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கப்பி ரோடு. மேல்படுதா இல்லாத வண்டி. தூசி முழுக்க எங்கள் தலையில். சின்னமனூருக்கு முன்னால் டயர் வெடித்தது. அவர் கழற்றி ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்க, நெல் ஏற்றிக்கொண்டு போன மாட்டு வண்டிக்காரர்கள் ஒவ்வொருவராக நிறுத்தி விசாரித்தார்கள். ஒருவர், "மேஸ்திரி, மாட்டைக் கழத்தித் தரட்டுமா? கட்டி இழுத்துட்டுப் போங்க" என்றார். ஊருக்கே மோட்டார் பழுது பார்க்கிறவர் ரோட்டில் உட்கார்ந்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? நானும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். சிரித்தார். பகல் வெளிச்சத்தில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

சந்தோஷப்பட வேண்டிய இடம். எனக்கோ அது போகிறவளுக்குப் போடுகிற விருந்து மாதிரி இருந்தது.

சுருளியில் நல்ல தண்ணீர். பிள்ளை வரம் வேண்டி அருவியில் நிற்கிறவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். நானும் தலையைக் கொடுத்தேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. ஒன்பது வருஷமாகக் கேட்டதையே கேட்பதா, இல்லை போடிப் பெண்ணுக்குக் கால் சுளுக்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்பதா? தண்ணீர் மண்டையில் அடித்த அடியில் இரண்டையும் மறந்துவிட்டேன்.

அன்றைக்குச் சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கூடாரம். இன்ஜினை அக்கு அக்காகக் கழற்றி மாட்டுகிற மனுஷர், நாலு கயிறும் எட்டு முளையும் உள்ள கூடாரத்தோடு இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டினார். ஒரு பக்கம் நிமிர்ந்தால் மறுபக்கம் படுத்தது. கடைசியில் ஒரு தென்னை மரத்தில் கயிற்றைக் கட்டி நிறுத்தினோம். உள்ளே போய் நின்றால் பழைய சாக்கு வாடை.

கூடாரத்தைப் பார்த்ததும் ஊரே காலியாகிவிட்டது. தெருவில் ஒரு பிள்ளையைக் காணோம். எங்கள் பக்கத்தில் கூடாரம் அடிப்பவர்கள் மூன்றே பேர்: நிலம் அளக்கிறவர்கள், வரி வசூல்காரர்கள், அம்மை குத்துகிறவர்கள். பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு சும்மா வந்து கூடாரத்தில் படுக்கிறவனை யார் கண்டார்கள்? வெகுநேரம் கழித்து ஒரு பெண் இடுப்பில் புல்லுக்கட்டோடு வந்து தூரத்தில் நின்றாள்.

"அம்மை குத்தவா வந்திருக்கீக?"

"இல்லம்மா. சும்மாதான். தேக்கடிக்குப் போறோம்" என்றேன்.

நம்பவில்லை. வண்டியைச் சுற்றிப் பார்த்தாள், கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்தாள், ஊசி ஏதும் இல்லை என்று தெரிந்த பிறகு கிட்டே வந்து உட்கார்ந்து, எல்லோரும் கேட்பதைக் கேட்டாள். "எத்தன புள்ளைக?"

"ரெண்டு" என்றேன்.

எப்படி வாயில் வந்ததென்று தெரியாது. வந்துவிட்டது. "மூத்தவன் பள்ளிக்கூடம் போறான். சின்னவளுக்குச் சளி, அத்தைகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன்." அவள் சின்னவளுக்குக் கற்பூரவல்லிச் சாறு கொடுக்கச் சொன்னாள். கொடுக்கிறேன் என்றேன். அவர் வண்டிக்கடியில் படுத்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார். திருகும் சத்தம் நின்றது. வெளியே வந்தவர் என்னைத் திருத்தவும் இல்லை, கேலி செய்யவும் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டே தோப்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். புல்லுக்காரி போகும்போது சின்னவளுக்கென்று ஒரு இளநீர் வைத்துவிட்டுப் போனாள். அதை நாங்கள் இரண்டு பேருமே தொடவில்லை.

மறுநாள் காலை கம்பத்தில் ஒரு காப்பி கிளப்பில் பலகாரம். பெண்பிள்ளைகள் உட்கார இடமில்லை என்று கிளப்புக்காரர் இட்லியை வண்டிக்கே கொடுத்தனுப்பினார். வாழைப்பழத் தார் ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஏலத்தை விட்டுவிட்டு நான் இட்லி தின்பதைப் பத்துப் பேர் பார்த்தார்கள். நான் என்ன, ஆனையா? வேண்டுமென்றே இன்னும் இரண்டு வாங்கித் தின்றேன்.

கூடலூர் தாண்டி மலைக்கடியில் வந்தால், மேலே தேக்கடி ஏரித் தண்ணீர் மலையைக் குடைந்த வழியாக இந்தப் பக்கம் வந்து விழுகிறது. மேற்கே கடலுக்குப் போன ஆற்றை மடக்கிக் கிழக்கே திருப்பியிருக்கிறார்கள். அது வந்த பிறகுதான் எங்கள் பள்ளத்தாக்கில் இருபோகம். எனக்குக் கை எடுத்துக் கும்பிடத் தோன்றியது. அவருக்கு ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்கத் தோன்றியது. நாலு டின் பிடித்தார். நாலும் மலையேறி முடிப்பதற்குள் தீர்ந்துபோயிற்று. வளைவுக்கு வளைவு வண்டி கொதித்து நிற்கும். நான் இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் போடுவேன். எதிரே ஏலக்காய் மூட்டையோடு இறங்குகிற பொதிமாடுகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போகும்.

குமுளியில் சுங்கச் சாவடி. தொப்பி போட்ட அதிகாரி கூடாரத்தை விரித்துக் காட்டச் சொன்னார். விரித்தோம். உள்ளே நான் சுருட்டி வைத்திருந்த புகையிலை விழுந்தது. அவர் மலையாளத்தில் சொன்னதை என் வீட்டுக்காரர் எனக்குத் தமிழில் சொன்னார்: "புகையிலைக்கு வரி கட்டணுமாம்."

"அது விக்கிறதுக்கில்ல, அட்டைக்கடிக்குன்னு சொல்லுங்க. கால்ல தேச்சுக்க."

அதிகாரி சிரித்துவிட்டார். "மகர மாசத்தில் எங்கள் காட்டில் அட்டை கிடையாதே அம்மா. உங்கள் ஊர் அட்டையையும் கொண்டுவந்திருக்கிறீர்களா?" என்றாராம். நம் தை அவர்களுக்கு மகரம். புகையிலையைத் தன் மேஜை இழுப்பறையில் போட்டுக்கொண்டு எங்களை விட்டார். அதற்கு வரியும் இல்லை, ரசீதும் இல்லை.

சாவடிக்குப் பக்கத்தில் ஒரு சேச்சியின் சாயாக்கடை. கட்டன் சாயா என்று பால் விடாத டீ. கப்பை என்று அவித்த மரவள்ளிக்கிழங்கும் காந்தாரி மிளகாயும். தேங்காய் எண்ணெய் வாடை தலைக்கா சோற்றுக்கா என்று தெரியாமல் எங்கும் வீசியது. சோறு ஒவ்வொரு பருக்கையும் கொட்டை கொட்டையாக, தொண்டையில் வழி கேட்டுக்கொண்டு இறங்கியது. அந்தச் சேச்சி எந்த ஊர் என்று கேட்டாள், மழை உண்டா என்று கேட்டாள், எத்தனை பிள்ளை என்று மட்டும் கேட்கவில்லை. அந்தப் புண்ணியத்துக்காகவே இன்னொரு சாயா குடித்தேன்.

தேக்கடி ஏரியைப் பார்த்து முதலில் பயந்துபோனேன். தண்ணீருக்கு நடுவே மொட்டை மரங்கள். அணை கட்டித் தண்ணீர் ஏறியபோது மூழ்கிப்போன காடு. நின்றபடியே செத்து, நின்றபடியே இருக்கிறது. ஒவ்வொரு மரத்து உச்சியிலும் ஒரு நீர்க்காகம். அங்கே மிருகங்களை மகாராஜாவைத் தவிர யாரும் சுடக்கூடாது என்று காவல் போட்டிருந்தார்கள். காவல்காரர் பேர் வேலப்பன். என் வீட்டுக்காரர் வயதுதான் இருக்கும். கூடாரம் எங்கே அடிக்கலாம் என்று காட்டிக்கொடுத்து, அவரே ஐந்து நிமிஷத்தில் அடித்தும் கொடுத்துவிட்டார். இவருக்கு முகம் சின்னதாகிவிட்டது.

போகும்போது வேலப்பன் ஒன்று சொன்னார். "காட்டுல யாரு கூப்பிட்டாலும் ஒடனே ஏன்னு கேக்காதீக. காலையில மஞ்சு எறங்கினா ஆளு தெரியாது. மொதத் தடவ கூப்பிட்டா பேசாம நில்லுங்க. ரெண்டாந்தடவையும் பேசப்படாது. மூணாந்தடவையும் கூப்பிட்டா அது மனுசன். அதுகளுக்கு மூணு வராது." எதுகளுக்கு என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஊரிலும் ராத்திரியில் வாசலில் கூப்பிடும் குரலுக்கு இதே சட்டம் உண்டு.

பொழுது சாயும்போது மூன்று கல் கூட்டி உலை வைத்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தார். வீட்டில் ஆண்பிள்ளை வெங்காயம் உரித்தால் கூரை இடிந்து விழுந்துவிடும். இங்கே பார்க்க ஆளில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அம்மா போடியில ஒரு எடம் பாத்திருக்காக. ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்."

நான் உலையைக் கிண்டினேன்.

"ஒனக்கு என்ன தோணுது?"

என்ன தோணுது! ஒன்பது வருஷத்தில் எனக்கு என்ன தோன்றுகிறது என்று இவர் கேட்ட முதல் கேள்வி இதுவா இருக்க வேண்டும்? அழுகை வரவில்லை. கோபந்தான் வந்தது. வேண்டாம் என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் தானும் பெறமாட்டாள், பெறுகிறவளையும் வரவிடமாட்டாள் என்பார்கள். சரி என்று சொன்னால் நான் செத்தேன். சோறு பொங்கியது. கஞ்சியை வடித்தேன். அவர் உரித்த வெங்காயம் அன்றைக்குத் தேவைக்கு மூன்று மடங்கு இருந்தது. சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டோம்.

மூன்றாம் நாள் விடிந்தபோது மூடுபனி, வேலப்பன் சொன்ன மஞ்சு. கையை நீட்டினால் விரல் தெரியாது. சுள்ளி பொறுக்கப் போனவள் நாலடி தள்ளித் திரும்பினேன், கூடாரத்தைக் காணோம். ஏரி எந்தப் பக்கம், காடு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அந்த மாதிரி ஒரு தனிமையை நான் அனுபவித்ததில்லை என்று எழுத வந்தேன். பொய். பதினோரு பேர் இருந்த வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. இங்கே அது கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

"நாகம்மா!"

அவர் குரல் மாதிரி இருந்தது. நான் நின்றேன். வேலப்பன் சொன்னது ஞாபகம் வந்தது.

"நாகம்மா!"

வீட்டில் அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இந்தா என்பார், இல்லையென்றால் கனைப்பார். முழுப் பேரையும் இப்படி ஊருக்கே கேட்கிற மாதிரி அவர் வாயில் கேட்டதேயில்லை. ஆகையால் அது அவரா என்பது எனக்கு உண்மையாகவே சந்தேகம். சுள்ளிக்கட்டை நெஞ்சோடு கட்டிக்கொண்டு காத்திருந்தேன். ரொம்ப நேரம் ஆனது போலிருந்தது.

"ஏ நாகம்மா! எங்கன இருக்க?"

"இங்கன!" என்று அலறினேன்.

மஞ்சுக்குள்ளிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. "ஏன் புள்ள, மொதல்லயே கொரல் குடுக்க வேண்டியதுதான?" என்று கத்தினார். "மூணு ஆகட்டும்னு இருந்தேன்" என்றேன். என் தோளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினார். பிறகு சுள்ளிக்கட்டைத் தானே வாங்கிக்கொண்டார்.

மத்தியானத்துக்குள் படகு இன்ஜின் ஓட ஆரம்பித்துவிட்டது. ஓட்டிப் பார்க்கிறேன் என்று என்னையும் ஏற்றிக்கொண்டு ஏரி நடுவே போனார். அக்கரையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியின் கூடாரம். துரையும் துரைசானியும் ஆளுக்கொரு துணி நாற்காலியில் சாய்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் போகும்போதும் பேசவில்லை, திரும்பும்போதும் பேசவில்லை.

"பாவம், சண்டை போலிருக்கு" என்றேன்.

"சண்டை இல்ல. சந்தோசமா இருக்காக" என்றார் அவர்.

பேசாமல் இருப்பதைப் பார்த்து இவருக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மொட்டை மரங்களுக்கு நடுவே இன்ஜினை நிறுத்தினார். கரையில் ஆனைகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. பெரிது நாலு, குட்டி ஒன்று. குட்டி சேற்றில் வழுக்கி வழுக்கி விழுந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஆனையைப் பார்க்கவில்லை.

"முந்தாநாத்துக் கேட்டதுக்கு நீ ஒண்ணும் சொல்லலையே" என்றார். முந்தாநாள் இல்லை, நேற்று. அவருக்கு அப்படி இருந்திருக்கிறது.

"சரின்னா சரின்னு சொல்லு. இல்லைன்னா..."

அதோடு நிறுத்திவிட்டார். கையில் இருந்த கந்தையால் துடைத்த இடத்தையே துடைத்தார். எனக்குப் பதில் தயாராக இருந்தது. இல்லைங்க, எனக்கு வேண்டாம், பிள்ளை இல்லாவிட்டாலும் நாம் இரண்டு பேருமே இருந்துவிடலாம் என்று சொல்ல வேண்டும். ஆனால் காலையில் மஞ்சுக்குள் கேட்ட அந்தக் குரல் என் காதில் இருந்தது. இவர் மனதாரக் கேட்கிறாரா, அத்தை சொல்லிக் கொடுத்ததை ஒப்பிக்கிறாரா? மூன்றாந்தடவையும் கேட்டால் அது இவர். அப்போது சொல்லிவிடுகிறேன். இப்படி ஒரு முடிவு செய்துகொண்டு ஆனையைப் பார்த்தபடி இருந்தேன். என்னைப் போல ஒரு மடச்சி மேல்மலையிலும் இல்லை, கீழ்நாட்டிலும் இல்லை.

அவர் ஒரு பெருமூச்சு விட்டு இன்ஜினைக் கிளப்பினார்.

நாலாம் நாள் கிளம்பிவிட்டோம். இன்னொரு நாள் இருப்பதாகத்தான் பேச்சு. வேலை முடிந்துவிட்டது, போகலாம் என்றார். குமுளியில் அந்தச் சேச்சி வழிக்கென்று நேந்திரங்காய் வறுவல் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். மலை இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதோ கேட்கப் போகிறார், அடுத்த வளைவில் கேட்பார். ஓரிடத்தில் வண்டியை ஓரங்கட்டி என் பக்கம் திரும்பினார். தொண்டையைச் செருமினார். 

"அந்த டின்ன எடு. தண்ணி ஊத்தணும்" என்றார்.

கம்பம் போயிற்று, உத்தமபாளையம் போயிற்று. என் பிறந்த வீட்டுத் தெருமுனை தெரிந்தது, நிறுத்தச் சொல்லவில்லை. என்னைத் திருப்பிக் கொண்டுவந்து விட அந்த வீடுதான் இருக்கவே இருக்கிறதே என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. தூசி என்று துடைத்துக்கொண்டேன். சின்னமனூர், வீரபாண்டி. அவர் வாயைத் திறக்கவேயில்லை. தேனிச் சந்தைக் கூரை தெரிந்தது.

வீட்டு வாசலில் புதுச் செருப்புகள் நாலைந்து சோடி. போடிக்காரர்கள் மத்தியான ரயிலில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கூடத்தில் ஜமுக்காளம், நடுவில் வெற்றிலைத் தட்டு. நாங்கள் ஒருநாள் முந்தி வந்ததில் அத்தைக்கு ஆச்சரியமே இல்லை. இன்றைக்கு வந்துவிடுவோம் என்று யார் சேதி சொன்னார்கள் என்று கேட்கவே வேண்டியதில்லை, யாரும் சொல்லவில்லை. நாங்கள் நாளைக்கு வந்திருந்தாலும் தட்டு அங்கேயே காத்திருந்திருக்கும். நான் தலையெல்லாம் செம்மண்ணோடு கதவோரம் நின்றேன்.

"கேட்டியாப்பா?" என்றாள் அத்தை அவரிடம்.

"கேட்டேன். ரெண்டு தடவ கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"ஒண்ணுஞ் சொல்லல."

பெண்ணுடைய பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அப்பறமென்ன? மௌனம் சம்மதம்னு சொல்லியிருக்காகல்ல. பொம்பளப் புள்ள இதுக்கு மேல என்னத்தச் சொல்லும்? தட்ட எடுக்கச் சொல்லுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காட்டுச் சட்டத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். மலைக்குக் கீழே சட்டம் வேறு. அங்கே மூன்றாவது குரலுக்குக் காத்திருப்பது உயிரைக் காப்பாற்றும். இங்கே பேசாமல் நின்றால் கதை முடிந்தது. அவரைப் பார்த்தேன். ஜமுக்காளத்தின் கோடுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அத்தை நல்ல மனுஷியாகவே என்னைப் பார்த்துத் திரும்பினாள். முறைக்கு ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் அல்லவா? "என்ன ஆத்தா, ஒனக்கு இதுல மனவருத்தம் ஒண்ணும் இல்லையே?"

மூன்று.

"இருக்கு அத்தை" என்றேன். "எனக்குச் சம்மதம் இல்ல. நான் தட்ட எடுக்கமாட்டேன்."

என் குரல்தானா அது என்று எனக்கே தெரியவில்லை. வீட்டில் மற்றப் பத்துப் பேரும் போடிக்காரர் ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவர் பக்கத்தில்கூட நான் போய் நிற்க இடமில்லை. அத்தை, "இவளுக்குக் காட்டுக் கருப்பு பிடிச்சிருக்கு" என்றாள். பெரியப்பா எழுந்துவிட்டார். "மூத்தவ இப்படிச் சொன்ன பெறகு நாங்க எப்பிடிம்மா புள்ளயக் குடுக்கறது?" காப்பியைக்கூடத் தொடாமல் போனார்கள். அத்தை அழுதாள், என்னைத் திட்டினாள், கடைசியில் மகனைப் பார்த்து, "நீ ஒரு வார்த்தை பேசுறியாடா?" என்றாள்.

"அவதான் சொல்லிட்டாள்ல" என்றார் அவர். எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

அத்தை அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் என்னோடு பேசவில்லை. நான் போடும் சோற்றைத் தின்பாள், என் கையில் இருந்து தண்ணீர் வாங்கமாட்டாள். அந்த வீட்டில் எனக்கு நாதியில்லாமல் போனதென்னவோ உண்மை. எங்களுக்குப் பிள்ளை பிறக்கவும் இல்லை. போடிப் பெண் பெரியகுளத்தில் வாழ்க்கைப்பட்டாள் என்று வெற்றிலைக்காரி சொன்னாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்தார். நான் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுபோய் வைத்தேன். தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அங்கேயே நின்றேன்.

"ஏங்க, மூணாந்தடவ ஏன் கேக்கல?"

அவர் சக்கரத்தில் ஒட்டியிருந்த மலைச் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். 

"கேட்டா நீ சரின்னு சொல்லிருவியோன்னு பயமா இருந்துச்சு" என்றார்.

 வாளியில் தண்ணீர் தீர்ந்திருந்தது. இன்னொரு வாளி இறைக்கப் போனேன்.